வேன் ஜன்னலும் ஏரிக்கரையும்: அம்பத்தூரிலிருந்து பூண்டி வரை



சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போரும் போட்டாச்சு. நவரைக்கு நாத்து விட்டவர்கள் விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் ஏரியில் நிற்கிற தண்ணியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கை கொஞ்சம் ஓய்ந்திருக்கிற இந்த நேரத்தில், ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒன்றை எழுதிவிடுகிறேன்.

நாலைந்து வருஷமா எங்கள் பக்கம் சனி, ஞாயிறுகளில் சின்னச் சின்ன வேன்கள் வருகின்றன. அம்பத்தூர், முகப்பேர், அண்ணா நகர் ஆட்கள். ஒரு வேனில் பன்னிரண்டு பேர், மிஞ்சினால் பதினெட்டு பேர். காலையில் அம்பத்தூர் ஓ.டி.யில் ஏறி, ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் வழியாகப் பூண்டி வரை போய், சாயந்திரம் திரும்புகிற ஒருநாள் பயணம். நடுவில் எங்கள் ஏரிக்கரையில் நிறுத்தி இட்லி சாப்பிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். "அண்ணா, இந்த ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டால் நானும் போய் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவேன். நல்ல மனிதர்கள். குழந்தைகள் ஆட்டுக்குட்டியை விடவே மாட்டார்கள்.

கரை மேல் ஏறியதும் அநேகமாக எல்லோரும் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: "எவ்வளவு இயற்கையா இருக்கு, இல்ல?"

இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கரையில் நின்றுகொண்டு இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் கிடையாது அது. இருநூறு வருஷத்துக்கும் மேலாக இந்த வழியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனவர்கள் பலர். சிலர் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் என்ன பட்டது, நம் கண்ணில் என்ன படுகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் தானாக வரும்.

பல்லக்கில் வந்த டாக்டர்

1799-ல் திப்பு சுல்தான் விழுந்த பிறகு, புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, என்ன வருமானம் வரும் என்று பார்த்து வரச் சொல்லி, பிரான்சிஸ் புக்கானன் என்கிற ஸ்காட்லாந்துக்கார டாக்டரை கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பினார். 1800 ஏப்ரல் மாசக் கடைசியில் அவர் சென்னையிலிருந்து மேற்கே கிளம்பினார். நல்ல சித்திரை வெயில். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அவர் பார்த்தது, பூந்தமல்லிக்குத் தெற்கே இருக்கிற செம்பரம்பாக்கம் ஏரி. அவருடைய பயணப் புத்தகம் 1807-ல் லண்டனில் மூன்று பெரிய தொகுதிகளாக வந்தது.

அதில் அவர் குறித்து வைத்திருப்பது ஒரு விவசாயிக்குச் சந்தோஷம் தரும். இந்த ஏரி தோண்டியது அல்ல, இரண்டு மேட்டு நிலங்களுக்கு நடுவில் இருந்த வாயை மண் கரை போட்டு அடைத்து உண்டாக்கியது என்று சரியாகக் கண்டுகொண்டார். ஏழெட்டு மைல் நீளம், மூன்று மைல் அகலம் என்று எழுதினார். மழை பொய்த்தாலும் 32 கிராமங்களின் நிலத்துக்குப் பதினெட்டு மாசம் தண்ணீர் கொடுக்கும் என்று அங்கே சொன்னதையும் எழுதிக்கொண்டார்.

இதைத்தான் கவனிக்கணும். தண்ணீர்ப் பரப்பு அழகாக இருந்தது என்று அவர் நிறுத்தவில்லை. கரையைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், எத்தனை ஊருக்குப் பாயும் என்று கேட்டார். வரிக் கணக்குக்கு வந்த மனுஷன்தான், சந்தேகமில்லை. ஆனாலும் ஏரி என்பது ஊர்க்காரர்கள் செய்த ஒரு பொருள் என்பது முதல் பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

செய்த பொருள் என்றால் பழுதும் ஆகும், பழுது பார்க்க ஆளும் வேணும். செங்கல்பட்டுச் சீமையை ஆற்காடு நவாப் 1763-ல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதற்கப்புறம் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் இந்தச் சீமையின் ஊர்களை எல்லாம் அளந்து கணக்கெடுத்தார். அந்தக் காலத்து ஊர்க் கணக்குகளைப் பார்த்தால், நெல் களத்தில் இருக்கும்போதே கோயிலுக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, வெட்டியானுக்கு, கணக்குப்பிள்ளைக்கு என்று பங்கு பிரித்ததில், ஏரி பராமரிப்புக்கும் ஒரு பங்கு இருந்தது தெரியும். வீட்டுக்கு நெல் போவதற்கு முன்பே ஏரிக்கு நெல் போய்விடும். புக்கானன் பார்த்த 32 ஊர்த் தண்ணீருக்குப் பின்னால் இருந்தது இந்த மாதிரி ஏற்பாடுதான்.

அந்தப் பங்கு கம்பெனிக் கஜானா பக்கம் திரும்பியதும் ஏரிகள் மேடாக ஆரம்பித்தன. 1858-ல் குடிமராமத்துக்கு ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்தலாம் என்று சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். களத்தில் தானாகப் பிரிந்து வந்த பங்கை நிறுத்திவிட்டு, உழைப்பை மட்டும் சட்டத்தால் வாங்கப் பார்த்தார்கள். அது எப்படி நடக்கும்?

நூறு பேரோடு ஒரு யாத்திரை

"சின்ன குழு டூர்" என்று வேன்காரர்கள் விளம்பரம் போடுகிறார்கள். நம்ம பக்கத்தில் கும்பலாகச் சேர்ந்து ஊர் பார்க்கப் போவது என்றைக்கோ இருந்ததுதான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, தை அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயில் என்று நாலு குடும்பம் சேர்ந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு தொங்கும். புளிசாதம், கட்டுச்சோறு, மாட்டுக்குத் தவிடு எல்லாம் வண்டியிலேயே.

எழுதி வைத்த பயணங்களில் எனக்குப் பிடித்தது ஏனுகுல வீராசாமியினுடையது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தெலுங்குக்காரர். 1830 மே 18-ந் தேதி, குடும்பம், வேலையாட்கள், பல்லக்குத் தூக்கிகள் எனக் கிட்டத்தட்ட நூறு பேரோடு காசிக்குக் கிளம்பினார். போய்த் திரும்பப் பதினைந்து மாசத்துக்கு மேல் ஆனது. வழியெல்லாம் நண்பருக்கு எழுதி அனுப்பியதைத் தொகுத்து, 1838-ல் அவர் காலத்துக்குப் பிறகு "காசி யாத்திரை சரித்திரம்" என்று தெலுங்கில் அச்சிட்டார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பிய அந்தக் கூட்டத்தின் முதல் நிறுத்தங்களில் ஒன்று, இன்றைக்கு லாரிகள் நிற்கிற நம்ம மாதவரம். அங்கிருந்து வடமேற்கே சத்திரம் சத்திரமாகத் திருப்பதி பக்கம் போனார்கள். அவர் எழுதுவது எல்லாம் சத்திரத்தில் நிழல் உண்டா, கிணற்றுத் தண்ணீர் எப்படி, கடையில் அரிசி பருப்பு கிடைக்குமா, பாதை மணலா களிமண்ணா என்பதைப் பற்றி. நூறு பேருக்கு ராத்திரி சோறு போடணுமே! ஊரைத் தாண்டிப் போகிறவனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் இருந்த காலம் அது. தண்ணீர் இல்லாத ஊரில் தங்க முடியாது. ஆகவே வழிப்போக்கனுக்கும் ஏரி, குளம் மேல் அக்கறை இருந்தது.

இப்போது வேனில் இருபது லிட்டர் கேன் கூடவே வந்துவிடுகிறது. நான் குறை சொல்லவில்லை, எங்கள் ஊர்க் கல்யாணத்திலும் அதே கேன்தான். ஆனால் அந்த அக்கறையின் கயிறு எங்கே அறுந்தது என்று காட்டச் சொல்கிறேன்.

திருவள்ளூர் வரைக்கும் ஒரு ரயில்

இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841 ஜூலை 5-ந் தேதி, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஐந்நூறு பேர் போல ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம். இன்றைய கூட்டுச் சுற்றுலா வியாபாரம் அதிலிருந்துதான் கிளை விட்டது என்பார்கள். பிறகு நீளமான பெஞ்சுகள் போட்ட குதிரை வண்டியும், அப்புறம் மோட்டார் வண்டியும் வந்து, ஆலைத் தொழிலாளிகள் ஒருநாள் லீவில் கடற்கரையும் கிராமமும் பார்த்துவிட்டு வருவது அங்கே பழக்கமானது.

அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து நம்ம பக்கம் ரயில் வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்குப் பக்கத்தில் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர். 1856 ஜூன் 28-ந் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு முன்னிலையில் தொடக்க விழா. அன்றைக்கே திருவள்ளூர் வரைக்கும் இன்னொரு ரயிலும் விட்டார்கள். ஜூலை 1 முதல் பொதுஜனம் ஏறியது. பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று இன்றைக்கு நீங்கள் மின்சார ரயிலில் போகிற அதே தடம்தான்.

யோசித்துப் பாருங்கள். நம்ம ஏரிகளையும் கழனிகளையும் ஜன்னல் வழியாக வேகமாகப் பார்த்த முதல் கும்பல் அதுதான். மாட்டு வண்டியில் போனால் ஒவ்வொரு மடையும் குலுக்கலில் தெரியும். ரயிலில் எல்லாம் ஒரே பச்சைக் கோடு. "இயற்கைக் காட்சி" என்கிற பார்வை அந்த வேகத்தில்தான் பிறந்தது என்பது என்னுடைய எண்ணம்.

ரயிலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு பெரிய வழக்கும் நடந்தது. வக்கீல்களுக்குத் தெரிந்திருக்கும், நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிருந்து வடமேற்கே, இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிற கார்வேட்நகரம் ஜமீனில் பெருமழையில் ஏரிகள் உடைந்து, ரயில் பாதையும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயின. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தார் மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. அவர்களுக்குத் தெம்பு கொடுத்தது, இங்கிலாந்தில் 1868-ல் வந்த ஒரு தீர்ப்பு. ஒருவன் தன் ஆலைக்காக நீர்த்தேக்கம் கட்டி, அது உடைந்து பக்கத்து ஆளுக்கு நஷ்டம் என்றால், கவனக் குறைவு இருந்ததோ இல்லையோ, கட்டியவன்தான் பொறுப்பு என்று சொன்ன தீர்ப்பு.

லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன நம்ம ஊர் வழக்கில் 1874-ல் கம்பெனி தோற்றது. காரணம் முக்கியம். இந்த நாட்டு ஏரிகள் ஒருவன் தன் சொந்த லாபத்துக்குத் தேக்கி வைத்த தண்ணீர் அல்ல. ஆதிகாலம் தொட்டு இருப்பவை, ஜனங்கள் உயிர் வாழவும் விவசாயம் நடக்கவும் அவசியமானவை. அவற்றைக் காப்பாற்றி வைப்பது ஜமீன்தாருடைய உரிமை மட்டுமல்ல, கடமை. கவனக் குறைவு என்று நிரூபிக்காமல் அவர் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்றார்கள். ஆங்கிலேய நீதிபதிகளுக்கே அன்றைக்கு இது புரிந்தது: ஏரியைக் கலைத்துவிட்டு ஊர் பிழைக்க முடியாது.

கல்லைப் பார்த்தவர்

எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருத்தர் தரையைப் பார்த்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30-ந் தேதி பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில், கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு, பூண்டிக்கு வடக்கே கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய கண்டுபிடித்தார்கள்.

அந்த இடத்தை சாந்தி பப்புவும் அவர் குழுவும் பல வருஷம் தோண்டி ஆராய்ந்தார்கள். அங்கே கிடைத்த கோடரிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். அதைவிட நுணுக்கமான பிந்திய வகைக் கருவிகள் சுமார் 3,85,000 வருஷத்துக்கு முந்தியவை என்று 2018-ல் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பூண்டியில் தொல்லியல் துறை 1985-ல் ஆரம்பித்த சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. வேன்காரர்கள் நேரமில்லை என்று அதை விட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் கேட்டு நிறுத்துங்கள். இந்த ஆற்றுக் கரையில் மனுஷன் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தது இன்று நேற்றல்ல என்று அந்தக் கல் சொல்லும்.

ஏரி பட்டணத்துக்குப் போன கதை

இனி நம்ம காலத்துக்கு வருவோம். சென்னைக்குக் குடிநீர் போதவில்லை என்று, கொசஸ்தலையாற்றில் தாமரைப்பாக்கத்தில் அணை போட்டு, சோழவரம் வழியாகப் புழலுக்குத் தண்ணீர் திருப்பி, அங்கிருந்து பட்டணத்துக்குக் கால்வாயில் அனுப்ப ஆரம்பித்தது 1872-ல். பாசனத்துக்கு இருந்த புழல் ஏரி பட்டணத்துக் குடமானது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் வந்தது.

அதுவும் போதாமல் கொசஸ்தலையின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம். 1940-ல் அடிக்கல் போட்டு 1944-ல் முடித்தார்கள். சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி 1943 மார்ச்சில் காலமாகிவிட்டார். நிறைந்த அணையை அவர் பார்க்கவில்லை. சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பேர்தான் அதற்கு.

அந்தத் தண்ணீருக்கு அடியில் திருவெண்பாக்கம் இருக்கிறது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பிக் கண் இழந்த சுந்தரர், நடந்து வந்து பாடியபோது இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் என்பது புராணம். தேவாரம் பாடிய ஊர் முழுகியது. ஊன்றீஸ்வரர் கோயிலை மட்டும் பிரித்துப் பூண்டியில் கரைக்கு இந்தப் பக்கம் திரும்பக் கட்டினார்கள். சாமிக்கு மாற்று இடம் கிடைத்தது. கழனிக்கு எங்கே மாற்று இடம்? பூண்டிக்குப் போகிறவர்கள் அணையில் போட்டோ எடுத்த கையோடு அந்தக் கோயிலுக்கும் போய், எந்த ஊரிலிருந்து வந்த தண்ணீரைக் குடிக்கிறோம் என்று ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

1983-ல் ஆந்திராவோடு ஒப்பந்தமாகி, 1996-ல் கண்டலேறு கால்வாய் வழியாகக் கிருஷ்ணா தண்ணீரும் பூண்டிக்கு வந்தது. வறட்சி வந்த வருஷங்களில் எங்கள் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்தும் பட்டணத்துக்குத் தண்ணீர் வாங்கினார்கள். நெல் நட்டு லாபமில்லாதவன் தண்ணீரை விற்றான். நான் யாரையும் தப்புச் சொல்லமாட்டேன். தாகம் எல்லோருக்கும் ஒன்றுதான். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் தரை வெடித்துக் கிடந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

அம்பத்தூர் எப்படி அம்பத்தூர் ஆச்சு

நீங்கள் வேன் ஏறுகிற அம்பத்தூரும் இதே மாதிரி ஒரு ஏரிக் கிராமம்தான். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரி, அது நிறைந்தால் மாதவரம் ரெட்டேரி என்று சங்கிலி போலக் கோர்த்த ஏரிகள். மேல் ஏரியின் கழிவு கீழ் ஏரியின் வரவு.

1949-ல் அங்கே சைக்கிள் கம்பெனி வந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச மாதிரியான சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. (ஆவடி என்பது டாங்கி சம்பந்தமான இங்கிலீஷ் எழுத்துகளின் சுருக்கம் என்று ஒரு கதை சொல்வார்கள். தொழிற்சாலைக்கு நூறு வருஷம் முந்தியே ரயில் தடத்தில் இருக்கிற ஊருங்க அது!) 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று. எத்தனையோ ஆயிரம் குடும்பம் அதனால் பிழைத்தது. எங்கள் ஊரிலிருந்தும் லேத்து வேலைக்குச் சைக்கிளில் போய், பிள்ளைகளை இன்ஜினியர் ஆக்கியவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் இப்போது வேனில் வருகிறார்கள்.

தொழிற்பேட்டை வந்ததால் மட்டும் ஏரி போகவில்லை. ஏரி போவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆயக்கட்டு, அதாவது ஏரிக்குக் கீழே பாய்கிற கழனி, மனையாகும். கழனி இல்லாததால் மதகைத் திறக்க ஆள் தேவையில்லை. நீர்க்கட்டிக்கு நெல் கொடுக்க யாரும் இல்லை. மதகு துருப்பிடிக்கும். வரத்துக் கால்வாயைத் தூர் வார எவனும் மண்வெட்டி தூக்கமாட்டான். தண்ணீர் வராத ஏரியில் முள்ளு முளைக்கும். பத்து வருஷம் கழித்து ஒரு அதிகாரி வந்து, "பாசனம் இல்லாத ஏரி" என்று எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு வரிக்குப் பிறகு அது ஏரி இல்லை, காலி இடம். முகப்பேரில் "ஏரித் திட்டம்" என்றே ஒரு குடியிருப்புக்குப் பேர் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் "லேக் ஏரியா". ஏரி போய்விட்டது, பேர் மட்டும் பலகையில் நிற்கிறது.

மழைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது பழைய ஏரியைத் தேடிக்கொண்டே வரும். 2015 டிசம்பரில் வந்தது போல.

எல்லாமே முடிந்துபோன கதை என்றும் சொல்லமாட்டேன். ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து 2019-ல் பசுமைப் பூங்கா ஆக்கினார்கள். படகு விடுகிறார்கள், பறவை வருகிறது. நல்ல காரியம். ஆனால் பூங்கா ஏரிக்கும் பாசன ஏரிக்கும் வித்தியாசம் உண்டு. பூங்காவைக் காப்பாற்ற பட்ஜெட்டில் பணம் ஒதுக்கணும், வருஷா வருஷம். பாசன ஏரியைக் காப்பாற்ற, கீழே ஒருவன் நாத்து விட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தால் போதும். அவனே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு கரையில் எலிவளை பார்ப்பான்.

போகிற வழியில் எதைப் பார்க்கலாம்

பயணம் போகிறவர்களுக்காகச் சின்னதாக ஒரு வரிசை. பாடியில் திருவலிதாயம், சம்பந்தர் பாடிய கோயில். திருமுல்லைவாயிலில் மாசிலாமணீஸ்வரர் கோயில். தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலில் முல்லைக் கொடி சுற்றிய கதையும், எருக்கந் தூண் இரண்டும் அங்கே பிரபலம். திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும், பூசலார் மனசுக்குள்ளேயே கட்டிய இருதயாலீஸ்வரர் கோயிலும். காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறித்தபோது, "அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், நீ வேறு நாள் பார்" என்று சிவபெருமான் ராஜாவிடம் சொன்னதாகப் பெரிய புராணம் சொல்லும். பிறகு திருவள்ளூர் வீரராகவர், கடைசியில் பூண்டி.

நடுவில் எந்த ஏரிக்கரையில் நின்றாலும் ஐந்து விஷயம் தேடுங்கள். ஒன்று, கரை: எந்தப் பக்கம் மட்டும் கரை இருக்கிறது, எந்தப் பக்கம் மேடு அப்படியே விட்டிருக்கிறது? புக்கானன் பார்த்தது இதைத்தான். இரண்டு, மதகு: கதவு திறந்து மூடுகிற நிலையில் இருக்கிறதா? மூன்று, கலங்கல்: நிறைந்த தண்ணீர் வழிகிற இடம், அது எந்த ஊர் ஏரிக்குப் போகிறது? நாலு, வரத்துக் கால்வாய்: இது எங்கிருந்து வருகிறது, நடுவில் யார் அடைத்திருக்கிறார்கள்? ஐந்து, கீழே கழனி இருக்கிறதா, கல் நட்டிருக்கிறதா? இந்த ஐந்தையும் பார்த்துவிட்டால் அந்த ஊரின் வயசும் தெரியும், ஆயுசும் தெரியும்.

எங்கள் ஏரிக்குக் கீழே பாதிக்கு மேல் கல் நட்டாச்சு. சொர்ணவாரி போகம் போன பல வருஷமாகக் கிடையாது. சம்பாவும், தண்ணீர் இருந்தால் நவரையும்தான். மிச்சம் இருக்கிற நாங்கள் சில குடும்பம் கூடி, வர்ற வைகாசிக்குள் வரத்துக் கால்வாயை வாரிவிடணும் என்று பேசி வைத்திருக்கிறோம். விற்றவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பெண்ணுக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பையன் படிப்பு என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு வருஷம் நெல்லுக்கு நல்ல விலை கிடைத்திருந்தால் அதில் சில கல் விழாமலே இருந்திருக்கும் என்பதும் உண்மை.

ஆகவே வேனில் வருகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் பார்க்கிற பச்சை, யாரோ ஒருத்தர் இந்த வருஷமும் நடலாம் என்று முடிவு எடுத்ததால் இருக்கிறது. அவர் அடுத்த வருஷம் நடவில்லை என்றால் காட்சியும் இருக்காது, அதைக் காட்ட வேனும் வராது. பார்த்துவிட்டுப் போகும்போது அந்தக் கழனியின் அரிசியில் ஒரு மூட்டை, மேட்டுக்காட்டு மல்லாட்டையில் நாலு படி வாங்கிக்கொண்டு போங்கள். பேரம் பேசுங்கள், பரவாயில்லை, ஆனால் வாங்குங்கள். வீராசாமியின் நூறு பேரும் வழியில் அரிசி வாங்கிச் சமைத்துத்தான் காசி போனார்கள்.

வைகாசியில் கால்வாய் வாருகிற தேதி முடிவானதும் இங்கே எழுதுகிறேன். மண்வெட்டி நாங்கள் தருகிறோம், கூழும் மோர் மிளகாயும் உண்டு. தொப்பி மட்டும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள், வெயில் கடுமையாக இருக்கும்.